பற்களை எண்ணும் காந்தம்

அரக்கோணத்திலிருந்து ஒரு குடும்பம் காரில் திருத்தணிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் ஒழுங்காக மலையேறிவிட்டது. பெரியவர்களை இறக்கிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, வண்டியை நிழலுக்கு மாற்றலாம் என்று சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் எழவில்லை. ஒரு மணி நேரம் சென்றதும், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது! ஏன்?

ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விட வேண்டும், பெட்ரோல் எப்போது பீச்ச வேண்டும் என்பதை இன்றைய கார்களில் ஒரு மின்னணுப் பெட்டி தீர்மானிக்கிறது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? பிஸ்டன்களோடு சேர்ந்து சுழலும் கிராங்க் ஷாஃப்டில் ஒரு பற்சக்கரம் இருக்கிறது. பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் உண்டு. ஆனால் இருப்பவை 58 தான். அந்தப் பொக்கை வாய்தான் அடையாளம்! பொக்கை கடந்ததும் பெட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குகிறது. ஒரு பல்லுக்கு 6 பாகை.

எண்ணுவதற்கு உதவுவது, பற்களின் அருகே பொருத்திய சென்சார். அதன் ஒரு வகையில் காந்தமும் மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும் மட்டுமே இருக்கும். இரும்புப் பல் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட மின்தூண்டல்தான் இது. சைக்கிள் டைனமோவும் இதன் உறவுக்காரரே. இந்தச் செய்தி வராவிட்டால் பெட்டிக்குக் கண் தெரியாது. பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை.

காரை அரக்கோணத்துக்குக் கொண்டுவந்து ஸ்கேனர் கருவியைப் பொருத்தினால், பி 0335 என்று காட்டுகிறது. உடனே புது சென்சார் வாங்கிவிடுவது பலர் வழக்கம். ஆனால் அந்த எண் சொல்வது சென்சார் கெட்டது என்றல்ல. சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்றுதான். சுற்று என்றால் ஒயர், கனெக்டர் எல்லாமே சேர்த்தி அல்லவா?

நல்ல மெக்கானிக் என்ன செய்வார்? சாவியை அணைத்து, சென்சாரைக் கழற்றிச் சுருளின் மின்தடையை அளப்பார். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 900 ஓம் இருக்கிறது. கார் நிறுவனத்தின் கையேட்டோடு ஒத்துப்போகிறது. அதோடு விட்டுவிட மாட்டார். சூட்டில்தானே கார் மக்கர் செய்தது? நின்றுபோன எஞ்சினுக்குக் காற்றோட்டம் கிடையாது. அதைச் சுற்றியுள்ள பாகங்கள் சற்று நேரம் இன்னும் சூடேறும். ஆகவே தலைமுடி உலர்த்தும் கருவியால் சென்சாரை 90 பாகைக்குச் சூடாக்குகிறார். செம்பின் மின்தடை பாகைக்குச் சுமார் 0.4 சதவீதம் உயரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1100 ஓம் அளவில் வர வேண்டும். சுருள் உள்ளே அறுந்திருந்தால், விரிவடைந்ததும் முனைகள் விலகி மீட்டர் முடிவிலியைக் காட்டும். இங்கே 1100 தான் வந்தது. சென்சார் குற்றமற்றது!

இனி மறு முனை. சென்சாரை மாட்டிவிட்டு, மின்னணுப் பெட்டிப் பக்கத்து கனெக்டரைக் கழற்றி, அங்கிருந்து அதே சுருளை அளக்கிறார். 900. ஒயரை வழிநெடுக அசைக்கிறார், மாற்றமில்லை. சென்சார் பக்கத்து கனெக்டருக்கு வெப்பக் காற்றைக் காட்டி அசைத்ததும் மீட்டர் முடிவிலிக்குத் தாவுகிறது! பிளாஸ்டிக்குக்குள் இருந்த பித்தளைக் கவ்வி ஒன்று வாய் அகன்று தளர்ந்திருந்தது. கவ்வியை மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. எல்லா சென்சாரும் சுருள் வகை அல்ல. 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு இயங்குபவையும் உண்டு. இவற்றுக்குப் பெரும்பாலும் மூன்று ஒயர். இவற்றில் ஓம் அளவு பார்க்கக் கூடாது. மின்சாரம் வருகிறதா, எர்த் சரியா, சக்கரம் சுழலும்போது சமிக்ஞை ஏறி இறங்குகிறதா என்றே பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினுக்குள் நீங்கள் கை விட வேண்டாம். மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று கவனியுங்கள்.

கவ்வி மாற்றியாயிற்று. மறுபடியும் சூடாக்கி, அசைத்து, அளந்தாயிற்று. ஸ்கேனரில் பழைய எண்ணையும் அழித்தாயிற்று. ஒரு சோதனை மட்டும் பாக்கி: திருத்தணி மலைக்கு ஓட்டிப் போய், பத்து நிமிடம் நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும்.