குவிடிச் கோப்பை யாருக்கு?

ஜே. கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் நாவல்களில் வரும் ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியில், குவிடிச் கோப்பையின் சொந்தக்காரரைப் புள்ளிகளின் கூட்டுத்தொகைதான் தீர்மானிக்கிறது. கிரிஃபிண்டோர், ஸ்லிதரின், ராவன்கிளா, ஹஃபிள்பஃப் என்ற நான்கு இல்லங்களில் ஒவ்வொன்றும் மற்ற மூன்றுடன் ஒருமுறை மோதும். மொத்தம் ஆறே ஆட்டங்கள். இறுதிப்போட்டி என்று தனியாக எதுவும் கிடையாது.

குவிடிச்சில் ஓர் அணிக்கு ஏழு பேர். துடைப்பத்தில் பறந்தபடி ஆடுவார்கள். குவாஃபிள் என்ற பந்தை வளையத்துக்குள் போட்டால் 10 புள்ளி. சீக்கர் எனப்படும் வீரர், சிறகு முளைத்த தங்கப் பந்தான ஸ்னிச்சைப் பிடித்தால் 150 புள்ளி. அத்துடன் ஆட்டமும் முடிந்துவிடும்.

அப்படியானால் மற்ற ஆறு பேரும் எதற்கு என்று வாசகர்கள் பலர் கேட்பதுண்டு. தனி ஆட்டத்தை மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். கோப்பைக் கணக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும். 1999இல் வந்த மூன்றாம் நாவலில், கிரிஃபிண்டோருடனான கடைசி ஆட்டத்துக்கு முன் ஸ்லிதரின் 200 புள்ளி முன்னிலையில் இருக்கிறது. கிரிஃபிண்டோரின் சீக்கரான ஹாரி உடனே ஸ்னிச்சைப் பிடித்தால் ஆட்டம் கிரிஃபிண்டோருக்கு, கோப்பை ஸ்லிதரினுக்கு. ஆகவே, அணி 50 புள்ளிகளுக்கு மேல் முந்தும்வரை பிடிக்கவே கூடாது என்று அணித்தலைவர் ஆலிவர் வுட் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கோல் போடுகிறவர்கள் உழைத்து 80–20 என்று கொண்டுவந்த பிறகே ஸ்னிச் ஹாரியின் கைக்கு வருகிறது. முடிவு 230–20. 200 புள்ளி இடைவெளிக்கு மேல் பத்தே புள்ளி.

பட்டியலில் கூட்டப்படுவது அணி எடுத்த புள்ளிகளா, வெற்றி வித்தியாசமா என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. வித்தியாசத்தைக் கூட்டுவதாயின், ஒரு அணிக்கு ஏறுவது மற்றதற்கு இறங்கும். 200 புள்ளி இடைவெளியை அடைக்க 100 புள்ளி வெற்றியே போதும். 200க்கு மேல் தேவைப்படுவதால், எடுத்த புள்ளிகள்தான் கூட்டப்படுகின்றன. தோற்ற அணியின் புள்ளிகளும் வீணாவதில்லை.

ஒரு தோல்வி கோப்பைக் கனவை முடித்துவிடாததற்கும் இதுவே காரணம். கிரிக்கெட் லீக்குகளில் வெற்றிகளை எண்ணிவிட்டு, சமநிலை வந்தால்தான் ரன் விகிதத்தைப் பார்ப்பார்கள். ஹாக்வார்ட்ஸில் அந்த வரிசை இல்லை. 2005இல் வந்த ஆறாம் நாவலில் கிரிஃபிண்டோர் ஹஃபிள்பஃப்பிடம் 60–320 என்று படுதோல்வி அடைகிறது. பிறகு ராவன்கிளாவை 300 புள்ளி வித்தியாசத்தில் வென்றால் கோப்பை, அதற்குக் குறைந்த வெற்றி என்றால் இரண்டாமிடம், 100 புள்ளிக்கு மேல் தோற்றால் கடைசி இடம் என்ற நிலை. ஹாரி தண்டனை வகுப்பில் அடைபட்டிருக்க, ஜின்னி வீஸ்லி சீக்கராக ஆடுகிறாள். 450–140 என்ற கணக்கில் கோப்பை கிரிஃபிண்டோருக்கு வருகிறது.

இரண்டாம் நாவலில் மாணவர்கள் தாக்கப்பட்டதால் போட்டிகள் பாதியில் நிறுத்தப்படுகின்றன. நான்காம் நாவலில் மும்மந்திரவாதப் போட்டிக்காகப் பள்ளியில் இல்லங்களுக்கிடையே ஒரு ஆட்டமும் நடப்பதில்லை. அந்த ஆண்டுகளில் கோப்பை யாருக்கும் இல்லை.