அடுக்கேப்பம் எங்கிருந்து வருகிறது?

திருமானூர்ப் பக்கம் சாப்பாடு கனத்துவிட்டால் உடனே ஒரு சோடா. பெரிதாக ஏப்பம் வந்ததும் "அப்பாடா, கேஸ் இறங்கிடுச்சு" என்பார்கள். வெளியே வந்தது பெரும்பாலும் அந்தச் சோடாவின் வாயுதான்.

விழுங்கும்போதெல்லாம் உணவோடு கொஞ்சம் காற்றும் உள்ளே போகிறது. இரைப்பையின் மேல்பகுதி அதனால் விரிந்தால், உணவுக்குழாயின் அடியிலுள்ள வளையத் தசை சில விநாடி தளர்ந்து காற்றை மேலே விடும். ஒரு நாளில் 25, 30 முறை இப்படி வருவது இயல்பு. அள்ளிப்போட்டுக்கொண்டு சாப்பிடுவதும், பீடியும், ஓயாமல் வெற்றிலை மெல்வதும் இதைக் கூட்டும்.

நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்தாக அடுக்கடுக்காக வரும் ஏப்பம் வேறு வகை. அந்தக் காற்று இரைப்பையை எட்டிப் பார்ப்பதே இல்லை. உதரவிதானம் இறங்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைய, தொண்டை வழியே உணவுக்குழாய்க்குள் காற்று இழுக்கப்படுகிறது. ஒரு விநாடிக்குள் வயிற்றுத் தசை அதை வெளியே தள்ளிவிடுகிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, காற்று எந்தத் திசையில் நகர்கிறது என்று அளந்து, 2004இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வயிற்றை லேசாக்கத்தான் ஏப்பம் விடுகிறோம் என்று இப்படி அடுக்கடுக்காக ஏப்பம் விடுபவர் மனதார நம்புகிறார். உண்மையில் ஒவ்வொரு ஏப்பத்துக்கும் புதுக் காற்றை அவரே இழுக்கிறார், தனக்குத் தெரியாமல். அவர் நடிப்பதாக வீட்டார் நினைத்துவிடக் கூடாது.

கண்டுபிடிக்கப் பல நேரம் ஒரு கேள்வி போதும்: தூங்கும்போது ஏப்பம் வருகிறதா? கூட இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். தூக்கத்திலும், பேச்சில் மூழ்கியிருக்கும்போதும் நின்றுவிட்டால் அநேகமாக இந்த வகைதான். புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் சேர்ந்திருந்தால் அமில எதுக்களிப்பையும் பார்க்க வேண்டும். எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, மலம் கருப்பாகப் போவது, ரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அரியலூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேட்டுவிட வேண்டும்.

நான் மிகவும் அஞ்சுவது வேறொன்றுக்கு. நெஞ்சு அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இவற்றோடு ஏப்பம் வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 'வாயுப் பிடிப்பு' என்று ஓமத்தண்ணி குடித்துக் காத்திருக்கவே கூடாது. உடனே 108ஐ அழையுங்கள்.

அடுக்கேப்பத்துக்குப் பயிற்சிதான் முதல் வைத்தியம். வாயை லேசாகத் திறந்து, நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வயிற்றுக் கை மட்டும் எழும்பும்படி மெதுவாக மூச்சு இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். வாய் திறந்திருக்கும்போது காற்றை உள்ளிழுத்து விழுங்குவது கடினம். ஏப்பம் வரப்போகிறது என்று தோன்றும் அந்தக் கணத்தில் இதைச் செய்யப் பழகினால், சில வாரங்களில் எண்ணிக்கை குறையத் தொடங்கும்.