கதிரமலையும் கீரிமலையும்

கீரிமலை என்றவுடன் தீர்த்தமே நினைவுக்கு வருதல் இயல்பு. ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் கழிக்கத் திரளும் மக்கள், உப்புக் கடலின் அலை வந்து மோதும் கரையிலேயே ஊறும் நன்னீரில் மூழ்கியெழுவர். மழைநீர் சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புக்களினூடே கீழிறங்கி, நிலத்தடியே சென்று, கடலோரத்தில் மேற்கிளம்புதலே இவ்வூற்றின் இரகசியம். இத்தீர்த்தத்தைச் சூழ்ந்து வழங்கும் கதை முனிவரைப் பற்றியது மட்டுமன்று, அரசரைப் பற்றியதுமாம். அக்கதையைப் பின்பற்றித் தெற்கே நான்கைந்து மைல் நடந்தால், குடாநாட்டின் மிகப் பழைய தலைநகர் எனக் கருதப்படும் கந்தரோடையை அடையலாம்.

கதை யாவரும் அறிந்ததே. கீரிமுகம் உடையவராயிருந்த நகுலமுனிவர் இங்கு நீராடி அம்முகம் நீங்கப் பெற்றார். பின்னாளிற் சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி, குன்மநோயும் குதிரைமுகமும் வருத்த, இங்கு வந்து தீர்த்தமாடிக் குணமடைந்தாள். குதிரைமுகம் விட்ட இடம் மாவிட்டபுரம் ஆயிற்று. அங்கே அவள் எடுப்பித்த முருகன் கோயிலுக்குரிய காங்கேயன் திருவுருவம் வந்திறங்கிய துறை காங்கேசன்துறை ஆயிற்று. கதிரமலையிலிருந்து ஆண்ட உக்கிரசிங்கன் என்னும் சிங்கமுக வேந்தன் அவளை மணந்தான். பின்னர் அரசிருக்கை சிங்கைநகருக்கு மாறிற்று. இவற்றை ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மாதகல் மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையில் தொகுத்துரைத்தார்.

இதனை வரலாறென அப்படியே கொள்ளுதல் இயலாது. உக்கிரசிங்கன் காலத்தை 8ஆம் நூற்றாண்டின் இறுதியாகக் கொள்வாருளர். அக்காலத்திற் சோழர் பேரரசராயிருந்திலர். விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றியது 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். நிகழ்ந்ததாகச் சொல்லப்படுங் காலத்துக்கும் நூலெழுந்த காலத்துக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. இடப்பெயருக்குக் காரணங் கூறவேண்டிக் கதை பிறத்தலும் எந்நாட்டிலும் உண்டு. குன்றேயில்லாத குடாநாட்டில் ஓர் ஊர் கீரிமலை, மற்றோர் ஊர் கதிரமலை எனப் பெயர் பெற்றமை கதைகாரருக்கு எவ்வளவு வாய்ப்பாயிற்று!

ஆயினும் ஒன்றிற் கதை பிழைபடவில்லை. அரசிருக்கை எங்கிருந்தது என்பதே அது. கதிரமலை என்பது கந்தரோடையே என முதலியார் இராசநாயகம் 1926இல் வெளியிட்ட தமது பண்டைய யாழ்ப்பாணம் பற்றிய ஆங்கில நூலில் வாதித்தார். அதற்கு முன்னரே போல் பீரிஸ் அவர்கள் கந்தரோடையில் ஆராய்ந்து, நாகதீபமும் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்களும் பற்றி 1917இலும் 1919இலும் கட்டுரைகள் வெளியிட்டிருந்தார். பழங்காசுகளும் மணிகளும் அவர் கண்டவற்றுட் சில. விசயன் வருகைக்கு முன்னரே இலங்கையில் இருந்த ஐந்து ஈச்சரங்களுள் ஒன்றாகக் கீரிமலை நகுலேச்சரத்தை அவர் குறித்ததும் அவ்வாராய்ச்சியிலேயாம்.

1970இற் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட்சாலையினர் கந்தரோடையில் அகழ்ந்தபோது, காலம் பின்னும் பின்னோக்கிச் சென்றது. அடிப்படைகளிற் கறுப்பு-சிவப்பு மட்கலங்கள் வெளிப்பட்டன. இவை தென்னிந்தியப் பெருங்கற்காலத்தாருக்கும் உரியவை. மேலே, அரிக்கமேட்டிற் கிடைத்ததையொத்த, உருளை கொண்டு அழகு செய்யப்பட்ட கலவோடுகள் கிடைத்தன. எனவே கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே இங்கு மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். கடல் கடந்தும் வாணிகஞ் செய்தனர். குடாநாட்டின் ஒரே ஆறெனத்தகும் வழுக்கையாறு இதனருகே செல்கின்றது. பரந்த வயலும் குளமும் உள. வடக்கே கீரிமலைக்கு அண்மையிற் சம்பில்துறை. மகாவம்சம் கூறும் சம்புகோளப் பட்டினம் அதுவே என்பர். நெல்லும் நீரும் துறையும் ஒருங்கே வாய்த்த இடத்தில் அரசு தோன்றியதில் வியப்பென்ன?

அரசு என்னுஞ் சொல்லுக்கும் மண்ணிற் சான்றுண்டு. 1980ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழியிற் சிறியதொரு முத்திரை அகப்பட்டது. அதில் ஒரு வரி குறியீடுகள். ஒரு வரி பிராமி எழுத்து. அதனைக் ‘கோவேத’ என வாசித்தனர். ‘கோ’ அரசனையோ தலைவனையோ குறிக்கும். உக்கிரசிங்கனுக்கு ஆயிரம் ஆண்டு முன்னரே இங்குக் கோ ஒருவன் இருந்தான். அவன் முகம் சிங்கமுகமன்று என்று மட்டும் துணிந்து கூறலாம்.

இத்தகைய நிலை யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தின் வடபகுதியில் எமன் மாகா என்னும் பண்டை அரசிருக்கை ஒன்றுண்டு. மாகா என்னும் தெய்வமகள், கருவுற்றிருந்தும் அரசன் குதிரைகளோடு ஓடுமாறு வற்புறுத்தப்பட்டு, வென்று, அவ்விடத்தே இரட்டைமகவு ஈன்று, அந்நாட்டு வீரரைச் சபித்தாள் என்பது அதன் கதை. கதையை ஏட்டிலெழுதினோர் இடைக்காலத்துக் கிறித்தவத் துறவிகள். 1960களில் அந்த மேட்டை அகழ்ந்தபோது, 40 மீற்றர் அகலமுள்ள பெரிய வட்ட மரக்கட்டடம் ஒன்றின் அடிச்சுவடு வெளிப்பட்டது. அதன் நடுத்தூணின் மரம் கி.மு. 95ஐ ஒட்டி வெட்டப்பட்டதென மரவளையங்களை எண்ணிக் கண்டனர். கட்டி முடித்து, கல்லால் நிரப்பி, தாமே தீயிட்டு, மண்ணால் மூடினர். ஏன் என்பதைக் கதை சொல்லவில்லை. வட ஆபிரிக்கக் குரங்கொன்றின் மண்டையோடும் அங்கே கிடைத்தது. அதனையும் கதை அறியாது. இங்கும் குதிரை, அங்கும் குதிரை என்று கண்டு உறவு கற்பித்தல் வேண்டா. நிகழ்ச்சியை மறந்த பின்னும் இடத்தை மறவாதிருத்தல் கதைக்குரிய இயல்பு என்பதே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

கந்தரோடையின் கதை மறந்த பொருளும் ஒன்றுண்டு. முருகைக்கல்லாற் கட்டிய சிறு தூபிகள் அங்கே ஒரு வளவிற் கூட்டமாய் நிற்கின்றன. வைபவமாலைக் கதையில் இவற்றுக்கு இடமில்லை. பௌத்த எச்சம் என்றவுடன் அவை வேற்றினத்தார் விட்டுச்சென்றவை எனச் சிலர் உரிமை கொண்டாடுவர். வேறு சிலர் அதே காரணத்தால் அவற்றைக் காணாதவர்போற் கடந்து செல்வர். இரண்டும் ஒரே தவறு. மணிமேகலையைப் படைத்த மொழியினர் பௌத்தத்தைத் தமக்குப் புறம்பானதென எங்ஙனம் கொள்ளுதல் கூடும்? தூபிகளுக்குக் கீழுள்ள மண்ணிற் பெருங்கற்கால மட்கலங்களை விட்டுச் சென்ற மக்களின் வழிவந்தோரே பின்னர்ப் புத்தனையும் வணங்கினர் எனக் கொள்வதற்குத் தடை யாதுமில்லை.

1990இற் போரினால் நகுலேச்சரம் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. கீரிமலை, மாவிட்டபுரம் முதலிய ஊர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவ்வூர்கள் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடங்கியிருந்தமையால் ஆராய்வோரும் அணுகக்கூடவில்லை. கந்தரோடையிலோ வேலியிட்டுக் காக்கப்படுவது தூபிகள் நிற்கும் அச்சிறு வளவு. பழைய குடியிருப்பின் பெரும்பகுதி தோட்டங்களுக்கும் வீட்டு வளவுகளுக்கும் அடியிற் கிடக்கின்றது. அங்கே கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் மேல்வரும் கறுப்பு-சிவப்பு ஓட்டை எறிந்துவிடாது, கிடைத்த இடத்தையுங் குறித்து, பல்கலைக்கழகத் தொல்லியற்றுறைக்கு அறிவித்தல் அவ்வூர் மாணவர் எவருக்கும் இயலும்.