வீட்டுக்குள் வரும் புகை

அமெரிக்காவில் குடியேறிய சீன, கொரிய, வியட்நாமியக் குடும்பங்கள் பலவற்றில் சிகரெட் பிடிப்பவர் ஒருவர்தான். புகையைச் சுவாசிப்பவர்களோ வீட்டிலுள்ள அத்தனை பேரும். இச்சமூகங்களில் ஆண்களிடம் இப்பழக்கம் மிகுதி, பெண்களிடம் மிகக் குறைவு. ஆசிய அமெரிக்கர் எல்லாரையும் சேர்த்துக் கணக்கிட்டால் புகைப்போர் விகிதம் நாட்டின் சராசரிக்கும் கீழே நிற்கும். அந்த நல்ல எண்ணுக்குள், ஆங்கிலம் அதிகம் அறியாத ஆண்களின் பழக்கமும் அவர்களுடைய மனைவி மக்கள் படும் பாடும் மறைந்துபோகின்றன.

அறையில் தேங்கும் புகையின் பெரும்பகுதி, பிடிப்பவர் ஊதி விடுவது அல்ல. எரியும் நுனியிலிருந்து நேரே காற்றில் கலப்பது. அதில் 7,000க்கு மேற்பட்ட வேதிப்பொருள்கள் உண்டு. சுமார் 70 புற்றுநோயை உண்டாக்குபவை. இதன் விளைவை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் முக்கியமானது ஆசியாவிலிருந்தே வந்தது. அதிகம் புகைக்கும் கணவர்களுடன் வாழ்ந்த, தாம் புகைக்காத மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வருவதை ஜப்பானின் தகேஷி ஹிராயாமா 1981இல் வெளியிட்டார். பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை உறுதியாகச் சொன்னது. ஜன்னலைத் திறப்பதோ மின்விசிறியைச் சுழலவிடுவதோ போதாது.

இத்தனை தெரிந்தும் புகையைச் சுவாசிப்பவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? அறியாமை மட்டும் காரணமல்ல. திருமணத்திலும் புத்தாண்டிலும் விருந்தினருக்கு சிகரெட் நீட்டுவது பலருக்கு உபசாரம். வேண்டாம் என்பது உபசரித்தவரையே அவமதிப்பதாகிவிடும். மாமனாரை மருமகள் தடுப்பதும் அப்பாவை மகள் கண்டிப்பதும் மரியாதைக் குறைவு. முதலாளியே புகைக்கும் உணவகத்தில், அந்த வேலையை நம்பி வாழும் பணியாளர் என்ன சொல்லிவிட முடியும்?

அந்தப் பணியாளருக்குச் சட்டம் துணை வந்தது. கலிபோர்னியா 1995இல் உணவகம் உள்ளிட்ட பணியிடங்களிலும், 1998இல் மதுக்கூடங்களிலும் புகைபிடிப்பதைத் தடுத்தது. நியூயார்க் நகரம் 2003இல் தடுத்தது. சிறுவர் இருக்கும் காரில் புகைக்க கலிபோர்னியாவில் 2008 முதல் தடை. ஆனால் சொந்த வீட்டின் வரவேற்பறைக்குள் சட்டம் பெரும்பாலும் நுழையாது. அங்கே பேசவேண்டியவர் குடும்பத்தாரே.

அவர்கள் பேசும் வழிகளில் ஒன்று தொலைபேசி. சீனம், கொரியம், வியட்நாமியம் ஆகிய மொழிகளில் புகைப்பழக்கத்தை விட உதவும் ஆலோசனைச் சேவை கலிபோர்னியாவில் 1990களில் தொடங்கி, 2012இல் நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆங்கிலம் பேசுவோரைவிட இம்மொழிக்காரரிடையே, புகைப்பவருக்காக வேறொருவர் அழைப்பது மிக அதிகம். மனைவியோ மகளோதான் அழைப்பார். முகத்துக்கு நேரே சொல்லமுடியாததைத் தாய்மொழியில் ஒருவரிடம் சொல்லவாவது முடிகிறதே! வீட்டுக்குள் புகைக்கக்கூடாது என்ற விதி வந்துவிட்டால் மற்றவர் காப்பாற்றப்படுவது மட்டுமல்ல, புகைப்பவரும் குறைக்கிறார், விடவும் முயல்கிறார். ஆகவே ‘விட்டுவிடு’ என்ற கட்டளையைவிட, ‘குழந்தை இருக்கிறது, வெளியே போய்ப் பிடியுங்கள்’ என்ற வேண்டுகோளோடு தொடங்குவது நல்லது. அதையே மருத்துவர் சொன்னால் பெரியவருக்கும் கௌரவம் குறையாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இதுவும் போதாது. சான் பிரான்சிஸ்கோ சீனாடவுனில் ஒற்றை அறையில் குடும்பமே வாழ்ந்து, சமையலறையை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் கட்டடங்கள் இருக்கின்றன. கதவிடுக்கிலும் குழாய்த் துளையிலும் பக்கத்து வீட்டுப் புகை வரும். கலிபோர்னியாவின் பெல்மான்ட் நகரம் 2007இல் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளேயே புகைபிடிப்பதைத் தடுக்கும் விதியை இயற்றியது. 2018இல் அமெரிக்கா முழுவதும் அரசு வாடகைக் குடியிருப்புகளுக்கும் தடை வந்தது. இத்தகைய விதிகள் பெரும்பாலும் புகார் வந்தால்தான் செயல்படும். புகார் கொடுக்கவேண்டியவர், அதே மாடிப்படியில் அந்த அண்டை வீட்டாரை நாள்தோறும் எதிர்ப்படுபவர். அவருக்குத் தாய்மொழியில் புகார்ப் படிவமும், பெயரை வெளியிடாத உறுதியும் கிடைக்கவேண்டும்.