இரண்டு ஊசி, ஒரு நூல்!

சுதந்திர தின அணிவகுப்பு. போலீஸ் அதிகாரி மிடுக்காக நடந்து வருகிறார். இடுப்பில் அகலமான தோல் பெல்ட். தோளின் குறுக்கே ஒரு தோல் வார். பக்கவாட்டில் ஒரு தோல் உறை. அதற்குள் கைத்துப்பாக்கி!

எல்லோருடைய கண்ணும் துப்பாக்கியின் மேல்தான் இருக்கும். உறையை யார் பார்க்கிறார்கள்? ஆனால், உறை சரியில்லை என்றால் துப்பாக்கி நழுவிக் கீழே விழும். விசையில் ஏதாவது பட்டுவிட்டால், வைத்திருப்பவரின் தொடையிலேயே குண்டு பாய்ந்துவிடும். ஆபத்தை அடக்கி வைத்திருப்பது ஒரு துண்டுத் தோலும், சில முழ நூலும்தான்!

இந்த உறையைத் தம் கையாலேயே தைப்பது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்து விடுகிறார்கள். கடையில் கிடைக்காதா? கிடைக்கும். எந்திரத்தில் தைத்தது மலிவாகவே கிடைக்கும். இருந்தும் ஏன் கையால் தைக்கிறார்கள்? அதைப் பார்ப்பதற்கு முன், ஒரு கதை. நடந்த கதை!

ஒற்றைக் கை வீரர்

சாம் பிரவுன் என்று ஒரு வெள்ளைக்காரத் தளபதி. இந்தியாவில் குதிரைப் படையில் இருந்தவர். 1857-ல் மூண்ட சிப்பாய்ப் புரட்சியை அடக்க ஆங்கிலேயர் நடத்திய சண்டைகளில் அவரும் இருந்தார். 1858 ஆகஸ்டு 31-ந் தேதி, இன்றைய உத்தரப்பிரதேசத்தில் பிலிபித் அருகே நடந்த சண்டையில், ஒரே வாள்வீச்சில் அவருடைய இடது கை துண்டாயிற்று.

உயிர் பிழைத்தார். ஆனால் புதிதாக ஒரு தொல்லை. அந்தக் காலத்தில் வாள் உறை இடுப்பில் தொங்கி ஆடும். இடது கையால் உறையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வாளை உருவ வேண்டும். இடது கையே இல்லாதவர் என்ன செய்வார்?

யோசித்தார். அகலமான ஒரு பெல்ட். அதைத் தாங்க, வலது தோளின் மேலாக ஒரு வார். வாள் உறை இடப் பக்கம் ஆடாமல் நின்றது. வலப் பக்கம் கைத்துப்பாக்கிக்கு இடம். இழந்த கையின் வேலையைத் தோல் செய்தது!

பிறகு மற்ற அதிகாரிகளும் அதையே அணியத் தொடங்கினார்கள். பல நாட்டு ராணுவங்களுக்கும் அது பரவியது. 'சாம் பிரவுன் பெல்ட்' என்றுதான் அதற்கு இன்றும் பெயர்.

ஆவாரம்பட்டை கொடுத்த தோல்

எல்லாத் தோலிலும் உறை தைக்க முடியாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும். கைப்பைக்கும் பூட்ஸுக்கும் நல்லது. ஆனால் வடிவம் பிடித்து நிற்காது. மரப்பட்டைச் சாறில் பதனிட்ட தோல் அப்படியல்ல. நனைத்தால் களிமண்போல் வளைந்து கொடுக்கும். உலர்ந்தால் பிடித்த வடிவத்தில் விறைத்து நிற்கும். உறைக்கு வேண்டியது இதுதான்.

இந்தத் தோலுக்கும் தமிழ்நாட்டுக்கும் பழைய உறவு உண்டு. தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது கந்தர்வக்கோட்டை. வானம் பார்த்த பூமி. இப்படிப்பட்ட காய்ந்த நிலத்தில் தண்ணீர் ஊற்றாமலே வளரும் செடி ஆவாரை. அதன் மஞ்சள் பூவைப் பொங்கல் காப்புக்குக் கட்டுகிறோம். பட்டையை என்ன செய்தார்கள் தெரியுமா? தோல் பதனிட்டார்கள்! ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் பழைய மருந்து. அவற்றால் பதனிட்ட தோல் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று உலகச் சந்தையில் பெயர் வாங்கிற்று.

இன்று ஆவாரம்பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்கள் பட்டைத் தோலுக்குப் பெயர் பெற்றவை. தோலைப் பற்றி ஆராய்வதற்கென்றே 1948-ல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது.

செய்வது எப்படி?

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே, பழகுகிறவர்கள் துப்பாக்கியைத் தேட வேண்டாம். தச்சரிடம் சொல்லி மரத்தில் ஓர் அச்சு செதுக்கிக்கொண்டால் போதும். நாடகத்தில் போலீஸ் வேடம் போடுகிறவருக்கு அந்த உறை பொருத்தமாக இருக்கும். இதே முறையில் கத்தரிக்கோல், டார்ச் விளக்கு, மூக்குக்கண்ணாடி எதற்கு வேண்டுமானாலும் உறை தைக்கலாம்.

முதலில் கெட்டியான காகிதத்தில் அளவு வெட்ட வேண்டும். அச்சின் பருமனுக்கும், தையல் ஓரத்துக்கும் இடம் விட வேண்டும். காகிதம் சரியாகப் பொருந்திய பிறகுதான் தோலில் கை வைக்க வேண்டும். காகிதம் கெட்டால் வேறு காகிதம் எடுக்கலாம். தோல் கெட்டால் காசு போச்சு!

3 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் நல்லது. வெட்டி, மடித்து, ஓரத்தைப் பசையால் ஒட்ட வேண்டும். விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு கீற வேண்டும். அந்தக் கோட்டில், அங்குலத்துக்கு 6 துளை வீதம் குத்தூசியால் குத்த வேண்டும். 8 அங்குலத் தையலுக்குச் சுமார் 50 துளைகள். எல்லாம் ஒரே இடைவெளியில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் இங்கேயே எழுந்து போய்விடுவார்!

தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, அச்சை உள்ளே செருகி, விரலால் அழுத்தி வடிவம் பிடிக்க வேண்டும். பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் வெடிக்கும். உலர்ந்ததும் ஓரத்தை வழவழப்பான மரக்கட்டையால் தேய்த்து, தேன்மெழுகு பூசினால் வேலை முடிந்தது.

உண்மைத் துப்பாக்கிக்கு என்றால் இரண்டு விதிகள். உறை, விசைப் பகுதியை முழுவதும் மூட வேண்டும். வீட்டில் வைக்கும்போது துப்பாக்கியை உறைக்குள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. தோலில் தங்கும் ஈரமும், பதனிட்ட சாறின் புளிப்பும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

தையலின் ரகசியம்

கையால் ஏன் தைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இப்போது வருவோம்.

எந்திரம் இரண்டு நூலால் தைக்கிறது. ஒன்று மேலே ஓடும். மற்றொன்று கீழே ஓடும். இரண்டும் நடுவில் கொக்கி போட்டுக்கொள்ளும். ஒரு நூல் தேய்ந்து அறுந்தால், மற்றதற்குப் பிடிப்பு போய்விடும். தையல் பிரியத் தொடங்கும்.

கைத்தையலில் ஒரே நூல். அதன் இரண்டு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசியும், அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஊசியும் நுழைந்து ஒன்றையொன்று தாண்டிப் போகும். மெழுகு தேய்த்த நூல், துளைக்குத் துளை இறுகும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் பிடித்துக்கொண்டு நிற்கும். குதிரைச் சேணம் தைத்தவர்கள் கண்ட முறை இது. இத்தனை வேகமான எந்திரங்கள் வந்தும், உறுதியில் இதை வெல்லவில்லை.

இழிவு எங்கிருந்து வந்தது?

நம் கிராமங்களிலும் தோல் தைத்த கைகள் இருந்தன. பம்புசெட் வருவதற்கு முன், கமலை கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைத்தார்களே, அதில் தண்ணீரைச் சுமந்து வந்து வாய்க்காலில் கொட்டியது தோல். அந்தத் தோலைத் தைத்துக் கொடுத்தவர் ஊர்ச் செருப்புத் தொழிலாளி. அவருடைய தையல் பிரிந்திருந்தால் பயிர் காய்ந்திருக்கும்.

ஆனால் ஊர் அவருக்கு என்ன மரியாதை செய்தது? ஊருக்கு வெளியே குடி வைத்தது. அவர் தைத்த செருப்பை அவரே அணிந்துகொண்டு மேல்சாதித் தெருவில் நடக்கக் கூடாது என்றது! 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்தது. சட்டத்தில் ஒழிந்தது, எல்லோருடைய மனத்திலும் ஒழிந்துவிட்டதா?

காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டார். 1910-ல் ஜோகன்னஸ்பர்க் அருகே அமைந்த டால்ஸ்டாய் பண்ணையில் தைத்தார். சிறையிலும் தைத்தார். தம்மைச் சிறையில் அடைத்த அரசின் அமைச்சர் ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடியை அன்பளிப்பாகக் கொடுத்தார். பல கோடைகள் அதை அணிந்ததாக, காந்தியின் 70-வது பிறந்த நாளுக்காக 1939-ல் வெளிவந்த மலரில் ஸ்மட்ஸ் எழுதினார். பாரிஸ்டர் படித்தவர் தைத்தால் பெருமை. பரம்பரையாகத் தைத்தவருக்கு இழிவு. இது என்ன நியாயம்?

தோல் வேலையைப் பொழுதுபோக்காகப் பழக விரும்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். புத்தகம் தேடி அலைய வேண்டாம். பஸ் நிலையத்தின் ஓரத்தில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் செருப்புத் தொழிலாளியிடம் போகலாம். குத்தூசியை எந்தச் சாய்வில் பிடிப்பது, நூலை எவ்வளவு இழுப்பது என்பதெல்லாம் அவருடைய விரலுக்குத் தெரியும். "ஐயா, எனக்குச் சொல்லித் தருகிறீர்களா?" என்று கேட்க வேண்டும். வேலை கெட்ட நேரத்துக்குக் கூலியும் கொடுக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பவர் வாத்தியார். வாத்தியாருக்கு உரிய மரியாதையை அவருக்கும் கொடுத்தால், முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும். ஊசி பிடிப்பது இரண்டாவது பாடம்தான்!