கோட்டை இல்லாத ஃபோர்ட் கொச்சி... பெயரை நம்பிப் போகாதீர்கள்!

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் கோட்டையைத் தேடாதீர்கள். அது இடிந்து 200 வருடங்களுக்கு மேலாகிறது. 1503-ல் போர்ச்சுகீசியர்கள் எழுப்பிய கோட்டையை 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1795-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1806-ல் அவர்கள் அதை இடித்துத் தள்ளினார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்த ஊரில் பல இடங்களின் கதை இதுதான். 'டச்சு அரண்மனை'யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் அல்ல. 'யூதத் தெரு'வில் யூதர்கள் அநேகமாக இல்லை. வாஸ்கோடகாமாவின் கல்லறையில் வாஸ்கோடகாமா இல்லை. பெயர்ப் பலகையோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பினால், பாதி கொச்சியைத் தவறவிட்டதாகத்தான் அர்த்தம்.

இந்தத் துறைமுகம் பிறந்ததே ஒரு வெள்ளத்தில்தான் என்கிறார்கள். பழங்காலத்தில் கடல் வணிகத்தின் மையமாக இருந்தது கொடுங்கல்லூர் பக்கத்திலிருந்த முசிறி. சங்க இலக்கியம் சொல்லும் அதே முசிறி. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளத்தால் அந்தப் பக்கம் மண் மேடிட்டு, கொச்சி முகத்துவாரம் அகலமாகத் திறந்துகொண்டது. கப்பல்கள் இங்கே வரத் தொடங்கின.

எர்ணாகுளம் உயர் நீதிமன்றம் அருகிலிருந்து வாட்டர் மெட்ரோ படகில் ஏறினால் ஃபோர்ட் கொச்சியில் இறங்கலாம். கரையில் உங்களை வரவேற்பவை சீன வலைகள். நீண்ட மரக் கம்பங்களின் நுனியில் விரித்த வலை தண்ணீருக்குள் இறங்கும். மறுமுனையில் கயிற்றில் கட்டித் தொங்கும் கருங்கற்களின் எடைதான் அதைத் தூக்க உதவும். ஒரு வலையை இயக்க நான்கைந்து பேர் வேண்டும். சீனர்கள் கொண்டுவந்தது என்று ஒரு கதை; மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்தது என்று ஆய்வாளர்களில் சிலர். வலைகளின் எண்ணிக்கை இப்போது குறைந்துவிட்டது. மரத்தின் விலை ஏறியதால் சிலவற்றில் இரும்புக் குழாய்கள் வந்துவிட்டன. வலையில் விழும் மீனைவிட, படம் எடுக்க வரும் கூட்டம்தான் அதிகம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். முதலில் மரத்தாலும், 1516-ல் செங்கல்லாலும் கட்டப்பட்ட இது, இந்தியாவில் ஐரோப்பியர்கள் கட்டிய மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. கத்தோலிக்கர், டச்சு சீர்திருத்தச் சபை, ஆங்கிலிக்கன் என்று கைமாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கொச்சியில் இறந்த வாஸ்கோடகாமாவை இங்குதான் புதைத்தார்கள். பிறகு உடலைப் போர்ச்சுகலுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்கள். தரையில் அந்தக் கல் மட்டும் கம்பி வேலிக்குள் இருக்கிறது. தலையை நிமிர்த்தி, கயிறு இழுத்து ஆட்டும் துணி விசிறிகளையும் பாருங்கள். வெளியே வெயிலில் நின்று அந்தக் கயிற்றை இழுத்தவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பலகையும் இல்லை.

1724-ல் ஏற்பட்ட டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். கதவு வழியே எட்டிப் பார்ப்பதோடு சரி. கோட்டையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு, பிஷப் இல்ல வளாகத்திலுள்ள இந்தோ-போர்ச்சுகீசிய அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் அடித்தளத்தில் பழைய கோட்டையின் எச்சத்தைக் காணலாம்.

இனி ஆட்டோ பிடித்து மட்டாஞ்சேரி. டச்சு அரண்மனையைக் கட்டி, 1555-ல் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். டச்சுக்காரர்கள் பின்னால் வந்து பழுது பார்த்தார்கள், பெயரையும் தட்டிச் சென்றார்கள். ஆனால் உள்ளே நுழைந்தால் நடுவில் முற்றம், முற்றத்தில் பழையன்னூர் பகவதி கோயில் என்று அசல் கேரள நாலுகட்டு வீடு. ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் ஓடுகிறது. தசரதனின் யாகத்தில் தொடங்கி, ராமன் அயோத்தி திரும்புவது வரை. அவசரப்படாமல் அரை மணி நேரமாவது இங்கே நில்லுங்கள். கொச்சியில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், இந்த அறைக்கு வாருங்கள்.

அரண்மனையை ஒட்டியே பரதேசி ஜெபக்கூடம். நம்மூரில் திட்டுவதற்குப் பயன்படும் சொல்லுக்கு இங்கே 'வெளிதேசத்தார்' என்று பொருள். 1568-ல் கட்டப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். காலடியில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளைப் பீங்கான் ஓடுகள், எல்லாம் கையால் வரைந்தவை. சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு உரிமைகள் வழங்கிய செப்பேடுகள் இந்தச் சமூகத்தின் பொக்கிஷம். அவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டவை.

1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். முழுமையான கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. மட்டாஞ்சேரியில் மிஞ்சியிருப்பவர்கள் அந்த எண்ணிக்கைக்குப் பல காலமாகவே போதவில்லை. வெளியூர் யூதர்கள் வந்தால்தான் உண்டு. தெருவின் இரு பக்கமும் மசாலா வாசனையும் பழம்பொருள் கடைகளும் இருக்கின்றன. சில வீடுகளின் ஜன்னல்களில் மட்டும் ஆறுமுனை நட்சத்திரம்.

சுற்றுலா வழிகாட்டிகள் கடைசியில் சொல்லும் ஓர் இடத்தைத் தமிழர்கள் முதலிலேயே குறித்துக்கொள்ளலாம். ஃபோர்ட் கொச்சி வெளி பகுதியிலுள்ள தோபி கானா. டச்சுப் படையினரின் துணிகளைத் துவைக்க அழைத்துவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் இங்கே வேலை செய்கிறார்கள். ஆளுக்கொரு தடுப்பு, தொட்டி, துவைகல். கஞ்சி போட்ட வேட்டிகள் கிளிப் இல்லாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் செருகிக் காய்கின்றன. கரிப்பெட்டி இஸ்திரியையும் பார்க்கலாம். ஹோட்டல்களுக்கும் வீடுகளுக்கும் வாஷிங் மெஷின் வந்த பிறகு வேலை குறைந்துவிட்டது. அடுத்த தலைமுறை படித்து வேறு வேலைக்குப் போகிறது. டிக்கெட் கிடையாது, ஆனால் இது அருங்காட்சியகமும் இல்லை. படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜெபக்கூடத்துக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை திருப்பூணித்துறை ஹில் பேலஸ் கிடையாது. ஆக, செவ்வாய் முதல் வியாழன் வரை வந்தால் எதையும் விட வேண்டியதில்லை.

இரண்டாம் நாளை அந்த ஹில் பேலஸுக்கு ஒதுக்குங்கள். திருப்பூணித்துறை வரை மெட்ரோ ரயில் இருக்கிறது. 1865-ல் கொச்சி ராஜாக்கள் கட்டிய அரண்மனை, இன்று கேரளத்தின் பெரிய தொல்லியல் அருங்காட்சியகம். 'சந்திரமுகி'க்கு மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' படத்தின் காட்சிகள் எடுத்த இடம் என்பதால், குழந்தைகளைவிடப் பெரியவர்கள்தான் படிக்கட்டுகளில் அதிகம் எட்டிப் பார்ப்பார்கள். கல் பதித்த தங்கக் கிரீடம், பல்லக்குகள், ஆயுதங்கள் எல்லாம் உண்டு. இங்கே இல்லாத ஒன்றுக்கும் கதை இருக்கிறது. கொச்சிக்கு ரயில் கொண்டுவரப் பணம் போதாமல், ராமவர்மா ராஜா இந்த ஊர் பூர்ணத்ரயீசர் கோயிலின் தங்க நெற்றிப்பட்டங்களில் 14-ஐ விற்றார். யானைகளுக்கு ஒன்றே ஒன்று மிஞ்சியது. 1902-ல் ஷொர்ணூர் - எர்ணாகுளம் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது.

கோவைக்கும் சென்னைக்கும் ஊர் திரும்பும் ரயில்கள் திருச்சூர் வழியாக இன்றும் போவது அந்தத் தடத்தில்தான்.