அவருக்கொரு சைக்கிள்... உங்களுக்கொரு சைக்கிள்!

'கல்யாணமான புதுசுல கேரியர்ல உட்கார வெச்சு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. அதோட சரி!' என்று பெருமூச்சு விடுபவரா நீங்கள்? இந்த முறை கேரியர் வேண்டாம். ஆளுக்கொரு சைக்கிள். மூன்று நாள். கணவனும் மனைவியுமாகக் கிராமத்துப் பக்கம் ஒரு பயணம் போய் வாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும் போகலாம்... முறையாகத் தயாரானால்!

எங்கே போவது?

புதுக்கோட்டைப் பக்கம் போய்ப் பாருங்களேன். கண்மாயை நம்பி நெல்லும், மழையை நம்பி நிலக்கடலையும் விளைகிற பூமி. மெயின் ரோட்டை விட்டு இறங்கிவிட்டால் பஸ், லாரி தொல்லை குறைவு. சித்தன்னவாசல் ஓவியம், நார்த்தாமலைக் கோயில், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை எல்லாமே டவுனிலிருந்து சுமார் 15-20 கி.மீ. தூரத்தில்தான். டவுனில் தங்கிக்கொண்டு, நாளுக்கொரு திசையாகப் போய் வரலாம்.

'எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதே!' என்கிறீர்களா? அப்படியானால் இதே ஊர்க் கதையைக் கேளுங்கள். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வயல் வேலைக்கும் குவாரி வேலைக்கும் போகிற பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்களைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்களால் முடிந்தது உங்களால் முடியாதா என்ன?

ஆறு வாரத் தயாரிப்பு

முதல் வாரம் தினம் 3 அல்லது 4 கி.மீ. போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் 25 கி.மீ. அலுப்பில்லாமல் ஓட்ட முடிந்த பிறகு டிக்கெட் எடுக்கலாம்.

அதற்கு முன் இருவரும் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். பி.பி., சர்க்கரை, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, எதையும் மறைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும், சிலவகை சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் வழியில் சர்க்கரை இறங்கிவிடலாம். அளவை எப்படி மாற்றுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்தி, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சர்க்கரைப் பொட்டலம் இருவர் பையிலும் இருக்கட்டும்.

சீட் உயரம் ரொம்ப முக்கியம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலி எடுக்கும்.

யார் முன்னால் போவது?

கணவன்மார்களே, இது உங்களுக்கு! ஜம்மென்று முன்னால் பறந்துவிட்டு, மரத்தடியில் காத்திருந்து, அவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் 'கிளம்பலாமா?' என்று கேட்காதீர்கள். ஓய்வு உங்களுக்குக் கிடைத்துவிட்டது, அவருக்கு? மெதுவாக ஓட்டுபவர் முன்னால் போகட்டும். அவர் வேகம்தான் இருவருக்கும் வேகம். ஓட்டிக்கொண்டே பேச முடிகிறதா? சரியான வேகம். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு முட்டுகிறதா? குறையுங்கள்.

அதேபோல, நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று சமாளிக்காதீர்கள். சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

பெண்கள் செய்கிற தப்பு

'வழியில பாத்ரூம் இருக்காது' என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவது! வெயிலில் இது தலைவலி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்றும் எட்டிப் பார்க்கும். கிளம்புமுன்பே பெட்ரோல் பங்க், ஓட்டல் எங்கெங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்று, 'அக்கா, கொஞ்சம் பாத்ரூம் போகணும்' என்று கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மோரும் கிடைக்கலாம்!

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில வாய் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். உப்புப் போட்ட நீர்மோர் அருமையான துணை. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் உப்பு, தண்ணீர் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ரோட்டில் கவனிக்க...

* ஜனவரி, பிப்ரவரி நல்ல சமயம். காலை 6 மணிக்குக் கிளம்பி 10-க்குள் முடியுங்கள். மிச்சத்தை மாலையில் பார்த்துக்கொள்ளலாம்.

* அறுவடைக் காலத்தில் தார் ரோட்டிலேயே நெல்லும் உளுந்தும் காயும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். வைக்கோல் வழுக்கும், செயினிலும் சிக்கும். அது ஒரு குடும்பத்தின் உழைப்பு என்பதும் ஞாபகமிருக்கட்டும்.

* சீமைக்கருவேல முள்ளுக்கு டயர் என்றால் உயிர்! பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு டியூப் அவசியம்.

* கை மரத்தால் பிடியை மாற்றுங்கள். உட்காருமிடம் மரத்தால் பெடல் மேல் எழுந்து நின்று ஓட்டுங்கள்.

* பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக, ஹெல்மெட்டோடு.

ஊர் திரும்பிய பிறகு சைக்கிளைப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காய்கறி வாங்க, கோயிலுக்குப் போக என்று தினம் 25 நிமிடம் மிதித்தாலே கணக்கு சரியாகிவிடும். சைக்கிள் இதயத்துக்கும் தொடைக்கும் நல்லது என்றாலும் எலும்புக்கு அது மட்டும் போதாது. எனவே நடையும் மாடிப்படியும் தொடரட்டும்.

அடுத்த பொங்கல் லீவுக்கு எந்த ஊர் என்று இன்றைக்கு ராத்திரியே அவரோடு பேசிவிடுங்கள்!